கொலரா வராத வீடு

கொலரா பரவிய அந்த வருடம் எங்கள் காசநோய் கிளினிக்கின் வராந்தா வெறிச்சோடிக் கிடந்தது. அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு மேலதிகாரி, புதிய நோயாளர் தொகை நன்றாகக் குறைந்திருக்கிறது, நல்ல வேலை செய்கிறீர்கள் என்று எங்களுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். கொலராவுக்குப் பயந்து காசநோய் ஊரை விட்டு ஓடிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? நாங்களும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றோம்.

புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாரே, தம்பிமாரே, நீங்கள் ஒரு பெருந்தொற்றைக் கண்ணால் கண்டுவிட்டு இந்த வேலைக்குள் வந்தவர்கள். உலகமே பூட்டிக் கிடந்தபோது மற்ற நோய்கள் எத்தனை பேரைச் சத்தமில்லாமல் கொண்டுபோயின என்று பெரிய ஆட்கள் இப்போது கணக்குப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்ல விஷயம். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் விளங்காது. எனக்கு விளங்குவது ஒரே ஒரு வீடு. தொண்ணூறுகளில், உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கொலரா எங்கள் கல்முனைக் கரையோரத்துக்கும் வந்தபோது, அது எட்டிக்கூடப் பார்க்காத வீடு அது. அந்த வீட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்காதீர்கள். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் சொல்வேன்.

நான் அப்போது காசநோய் கிளினிக்குக்குப் பொறுப்பான தாதி. கல்முனையில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரி இருந்ததோ முஸ்லிம் ஊரில். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று நம்பாமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என்றாலும் வெள்ளை உடுப்பைக் கண்டால் "மிஸ் வாறா" என்று வழி விடுவார்கள். அந்த மரியாதையை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

எங்கள் கிளினிக்கின் சூட்சுமம் அதன் வராந்தாவில்தான் இருந்தது. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கட்டடத்தில் இடமில்லாததால் நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரர், பிரஷர்காரர், பிள்ளைக்கு ஊசி போட வந்தவர்கள், எங்கள் காசநோய்காரர் எல்லாரும் ஒரே வராந்தாவில், ஒரே வாங்குப் பலகைகளில், தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தார்கள். நெரிசலும் சத்தமும் தாங்கமுடியாது. நாங்கள் எப்போதும் அதைப் பற்றி முறைப்பாடு எழுதிக்கொண்டே இருப்போம்.

நஜீமா அந்த நெரிசலுக்குள் வந்துபோன பிள்ளை. அப்படித்தான் அவளுக்கு இங்கே பெயர் வைக்கிறேன். இருபது வயது இருக்கும். உம்மாவுக்குச் சீனி வருத்தம். உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் மகளாக வருவாள். உம்மாவின் மருந்துப் பைக்குள் தன்னுடைய காசநோய் மாத்திரையையும் போட்டுக்கொண்டு போவாள். ஊருக்கு ஒரு துளியும் தெரியாது. அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அவளுக்கான வீடு உம்மாவின் வீட்டு வளவுக்குள்ளேயே, முற்றத்தில், சுவர் மட்டும் எழும்பி, கூரையில்லாமல் நின்றது. ஊர்ப் பேச்சில் கசம் என்று சொல்லும் இந்த நோய் ஒரு வீட்டில் இருக்கிறது என்று வெளியே வந்தால் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டவர்களும் திரும்பிப் போவார்கள்.

மருந்து நன்றாக வேலை செய்தது. இருமல் குறைந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. இன்னும் சில மாதம் விடாமல் விழுங்கினால் முழுதாகக் குணம். அந்த இடத்தில்தான் கொலரா வந்தது.

முதல் கிழமையிலேயே ஆஸ்பத்திரி நிரம்பியது. கட்டிலில் இடமில்லாமல் நிலத்தில், நிலத்தில் இடமில்லாமல் நடைபாதையில் ஆட்கள். சேலைன் போத்தலைத் தொங்கவிட இடமில்லாமல் ஜன்னல் கம்பியில் கட்டினோம். நல்ல உடம்புக்காரர் விடியும்போது கைத்தாங்கலாக வருவார், பின்னேரத்துக்குள் கண் குழி விழுந்து அடையாளம் தெரியாமல் போய்விடுவார். அந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் எங்கள் பயம் விளங்கும். மற்றக் கிளினிக்குகள் எல்லாவற்றையும் மூடினோம். பள்ளிவாசல்களில் சொல்லி ஸ்பீக்கரில் அறிவித்தோம்: வாந்தியும் பேதியும் உள்ளவர்கள் உடனே வாருங்கள், மற்ற வருத்தக்காரர்கள் அவசரமில்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவேண்டாம்.

ஊர் சொல் கேட்டது. அதுதான் பிரச்சினை. சீனி வருத்தக்காரர் காலில் புண்ணோடு வீட்டில் இருந்தார்கள். வயலில் மலேரியாக் காய்ச்சல் பிடித்தவர்கள் பனடோலைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்தார்கள். பிள்ளைத்தாச்சிகள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் பயந்து வீட்டிலேயே பெற்றார்கள். எல்லாருக்கும் அவரவர் வருத்தம் அவசரமில்லாததாகத்தான் தெரிந்தது, கொலராவோடு பார்க்கும்போது.

எங்கள் பெரிய டொக்டர் நல்ல மனிதர். காசநோயாளரை அவர் மறக்கவில்லை. ஏற்கெனவே நெஞ்சு பழுதானவர்களுக்குக் கொலராவும் தொற்றினால் தாங்கமாட்டார்கள் என்று கவலைப்பட்டார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், குறுகிய ஒழுங்கைத் தெருப் பக்கமாக ஒரு சின்ன அறையைத் துப்புரவாக்கி, தனிவாசல் வைத்து, "காசநோய் சிகிச்சை" என்று நீலப் பெயின்ற்றில் பெரிதாக எழுதி மாட்டினார். முன்பக்கம் கொலராக்காரர், பின்பக்கம் நம்மவர். ஒருவரோடு ஒருவர் முட்டுப்படமாட்டார்கள். நானும் அருமையான யோசனை என்றுதான் நினைத்தேன். அறை மினுங்கியது. ஒருவரும் வரவில்லை.

ஒரு காலையில் அந்த அறையின் வாசலில் நான் சும்மா நின்றேன். எங்கள் பழைய நோயாளர் ஒருவர், மீன் வியாபாரி, சைக்கிளில் ஒழுங்கையால் வந்தார். பலகையைப் பார்த்தார். மிதித்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபக்கமிருந்து திரும்பி வந்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார். நான் கையைக் காட்டி, அங்கே அண்ணனை அழைக்கும் முறையில் காக்கா என்று கூப்பிட்டேன்.

"என்ன காக்கா, மருந்து எடுக்கல்லயா?"

"நான் சும்மா இந்த ரோட்டால போறன் மிஸ்," என்றார். கண் என்னைப் பார்க்கவில்லை, எதிர்வீட்டு வேலியைப் பார்த்தது. வேலிக்குப் பின்னால் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். "ஒரு அலுவலாப் போறன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வாய்க்கு வாய் திட்டிய அந்த நெரிசல்தான் அவர்களுடைய திரை. சீனிக்காரரோடும் பிரஷர்காரரோடும் சேர்ந்து இருக்கும்வரை யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கொலரா அந்தக் கூட்டத்தைக் கலைத்தது. நாங்கள் மிச்சமிருந்தவர்களுக்குத் தனிவாசல் வைத்து, பெயரும் எழுதிப் போட்டோம். அந்த வாசலால் நுழைவதும் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்றுதான்.

இதை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருந்தொற்று வந்தால் வாசலால் யார் வருகிறார்கள் என்று எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்காமல் இருக்க முடியாது, வந்து விழுவார்கள். யார் வராமல் விட்டார்கள் என்று யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். அதற்குப் பாராட்டு கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு இருங்கள்.

எனக்கு உடனே நினைவு வந்தது நஜீமாதான். மருந்தைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும், முன்னையைவிட முரடாகத் திரும்பும். அவளைத் தேடிப் போகவேண்டும். ஆனால் எப்படிப் போவது? காசநோய் கிளினிக் மிஸ் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் அந்த ஒழுங்கை முழுக்க அன்றைக்கே கதை போய்விடும். அவளைக் காப்பாற்றப் போய் நானே அவளைக் காட்டிக் கொடுத்ததாக முடியும்.

வழி வேறொரு பக்கத்தால் வந்தது. சுகாதாரப் பரிசோதகர், ஊரில் பி.எச்.ஐ. சேர் என்பார்கள், பெரிய டொக்டரிடம் வந்து புலம்பிக்கொண்டு நின்றார். வீடு வீடாகக் கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடும் வேலை அவருடையது. கிணறு வளவுக்குள்ளே, சமைக்கும் குசினிப் பக்கம் இருக்கும். பகலில் ஆண்கள் வயலிலும் கடலிலும். வீட்டில் பெண்கள் மட்டும்.

"படலைக்கு அங்கால விடுறாங்க இல்ல சேர்," என்றார். "ஆம்புளையள் இல்ல, பின்னேரம் வாங்க எண்டு சொல்றாங்க. பின்னேரம் போனா மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகிட்டு எண்டு சொல்றாங்க. ஒரு பொம்புளையத் தாங்க. வேற ஒண்டும் கேக்கல்ல."

"ஆள் எங்க இரிக்கி?" என்றார் டொக்டர். "வார்ட்டப் பாத்தீங்களா?"

"நான் போறன் சேர்," என்றேன்.

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் தூங்கிப் பல நாளாகியிருக்கும். வார்ட்டில் ஆட்கள் கிடந்து துடிக்கும்போது அனுபவமுள்ள ஒரு தாதி கிணற்றுக்குத் தூள் போடப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கூட இருந்த ஒரு தாதி, "நல்ல காத்து வாங்கலாம்," என்று முணுமுணுத்தாள். அவளையும் குறை சொல்லமாட்டேன். அவள் கால் வீங்கி நின்றாள்.

நான் டொக்டரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். எங்கள் காசநோயாளர்கள் மருந்தை விட்டுவிட்டார்கள், கிணற்றைச் சாட்டி வீடுகளுக்குள் போனால் பார்த்துவிடலாம் என்று.

"காசநோய் ஒரு மாதம் பொறுக்கும், தங்கச்சி. கொலரா பொறுக்காது."

"அந்த ஒரு மாதமும் அது வீட்டிலுள்ள மற்ற ஆட்களுக்குப் பரவும், சேர்."

டொக்டர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, காலையில் மட்டும் போ, மத்தியானம் வார்ட்டில் நிற்கவேண்டும் என்றார். அந்த நிலைமையில் அவர் அதைத் தந்தது பெரிய காரியம். கண்முன்னே சாகக்கிடப்பவரிடமிருந்து ஒரு கையை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பது லேசான முடிவல்ல. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது.

ஆக, மாத்திரைப் பொட்டலங்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, குளோரின் வாளியைத் தூக்கிக்கொண்டு பி.எச்.ஐ. சேரோடு நடந்தேன். அவர் படலையடியில் நிற்பார். நான் உள்ளே போய்த் தூளைக் கரைத்து ஊற்றுவேன். ஒழுங்கையின் எல்லா வீட்டுக்கும் போனதால் எந்த வீட்டுக்குப் போனேன் என்று யாரும் பார்க்கவில்லை. கொலரா ஒரு திரையைக் கிழித்தது, இன்னொன்றை என் கையில் தந்தது. அந்த மீன் வியாபாரிக்கு அவர் வீட்டுக் கிணற்றடியில் வைத்தே மாத்திரை கொடுத்தேன். மனிதர் சிரித்த சிரிப்பைப் பார்க்கவேண்டும்.

நஜீமாவின் வீட்டுக்குப் போனபோது அவளுடைய உம்மா என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிணற்றடிக்கு விரைந்து வந்தார்.

"மிஸ், சத்தமாக் கதைக்காதீங்க. மூத்த மருமகன் இப்ப வந்துருவார். அவளுக்குச் சொகம். இருமல் எல்லாம் நிண்டுட்டு. அதான் மருந்தையும் நிப்பாட்டிட்டம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த இருமல். உம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே போனேன். புதுவீடு முடியாததால் எல்லாரும் பழைய வீட்டில்தான் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். உள்ளறையில், சாத்திய ஜன்னலுக்குக் கீழே நஜீமா இருந்தாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய, என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். அவள் மடியில் ஒரு பச்சைக் குழந்தை.

பக்கத்துப் பாயில் அவளுடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, படுத்திருந்தாள். கொலரா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று வீட்டிலேயே பெற்றிருந்தாள். நிறைய இரத்தம் போய்விட்டது, இன்னும் எழும்பி நடக்கத் தெம்பில்லை. அதனால் குழந்தையைக் குளிப்பாட்டுவது, தூக்கி ஆட்டுவது, இராவில் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது எல்லாம் நஜீமாதான். அவளுக்கு அந்தப் பிள்ளையென்றால் உயிர். கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

நான் குழந்தையை வாங்கி இடக்கையைப் பார்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் வீட்டுக்கு அனுப்புமுன் அந்தக் கையில் காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்போம். வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யார் போடுவது? ஊசி கிளினிக்கையும்தான் நாங்கள் மூடிவைத்திருந்தோமே. பெரியவர்களில் மாதக்கணக்காக ஊர்ந்து வரும் இந்த நோய் பச்சைக் குழந்தைக்குப் பிடித்தால் நேரே மூளைக்காய்ச்சலாகப் போகும். அப்படிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நஜீமாவுக்கு மாத்திரையைக் கொடுத்து என் முன்னாலேயே விழுங்கவைத்தேன். சளியை ஒரு குப்பியில் வாங்கிக்கொண்டேன். பிள்ளையை இனி நீ தூக்கக்கூடாது மகள் என்று மெல்லச் சொன்னேன். அவள் கையை இழுத்துக்கொண்ட விதம் இப்போதும் என் மனதைப் பிசைகிறது.

சளியில் கிருமி இருந்தது. நிறைய இருந்தது. டொக்டர் வார்ட்டில் நடந்தபடியே கேட்டுவிட்டு, குழந்தையை அந்த வீட்டிலிருந்து எடுங்கள், உடனே மாத்திரை தொடங்குங்கள் என்றார். மாத்திரையை அரைத்துத் தாய்ப்பாலில் கரைத்து மாதக்கணக்காகக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி. சொல்ல லேசு. பிள்ளையின் தகப்பனுக்கு என்ன சொல்லி இதைச் செய்வது? ராத்தாவின் கணவர், அந்த மூத்த மருமகன், அந்த வீட்டில்தான் இருந்தார். நஜீமாவின் நோய் அவருக்குத் தெரியாது. அதைவிடச் சிக்கல், அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை அவருடைய சாச்சியின், அதாவது சின்னம்மாவின், மகன்.

மறுபடி வாளியோடு போனபோது உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை. சட்டென்று ஒரு வழி சொன்னார்.

"கொலராக்கு மருந்து எண்டு சொல்லுங்க மிஸ். மருமகன் நம்புவார். இப்ப எல்லாருக்கும் கொலரா மருந்துதானே குடுக்கிறீங்க."

உங்களிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அந்தப் பொய் எனக்கும் பிடித்திருந்தது. யாருக்கும் நோகாது. பிள்ளைக்கும் மருந்து போகும், நஜீமாவின் கலியாணமும் நடக்கும். ஆனால் கொலரா இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும். கொலரா போன பிறகு எந்தத் தகப்பன் பிள்ளைக்குக் கொலரா மருந்து கொடுத்துக்கொண்டிருப்பான்? பாதியில் நிறுத்திவிடுவான். அதோடு, பிள்ளையை நஜீமாவின் பக்கத்திலிருந்து எடுக்க அந்தப் பொய் உதவாது. இந்தப் பக்கம் பிள்ளையின் உயிர். அந்தப் பக்கம் என்னை நம்பி நோயைச் சொன்ன ஒரு பெண்ணின் வாழ்க்கை. அவளுடைய இரகசியத்தை உடைக்க எனக்கு என்ன உரிமை? சரியான பதில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குத் தரப்படவில்லை. நான் முடிவெடுக்க முன்னே படலை திறந்த சத்தம் கேட்டது.

மருமகன் வயலிலிருந்து வந்தார். காலெல்லாம் சேறு. கிணற்றடியில் என்னைக் கண்டு, மடித்துக் கட்டிய சாரத்தை மரியாதையாக இறக்கிவிட்டார்.

"மிஸ், புள்ளைக்கும் கொலரா மருந்து குடுக்கப் போறீங்களாம். மாமி சொன்னாங்க. அவ்வளவு சின்னப் புள்ளைக்குக் குடுக்கலாமா?"

உம்மா எனக்கு முந்தியே சொல்லி வைத்திருந்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா என் வாயைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், என்ன சொல்லப்போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து நஜீமாவின் குரல் வந்தது.

"மச்சான், அது கொலரா மருந்து இல்ல."

"நஜீமா, நீ சும்மா இரி," என்றார் உம்மா.

"எனக்குக் கசம், மச்சான். கனகாலமா இரிக்கி. மருந்து குடிச்சு நல்லா வந்த. ஆஸ்பத்திரியப் பூட்டினதோட விட்டுட்டன். புள்ள என்னோடதான் கிடந்த. அதுக்குத்தான் மிஸ் மருந்து கொண்டுவந்திருக்கா. குடுங்க."

உம்மா கிணற்றுக் கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருமகன் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ளைக்கு வந்திரிக்கா மிஸ்?"

"இன்னும் இல்ல எண்டுதான் நினைக்கிறன், தம்பி. வராம இருக்கத்தான் இது. மாசக்கணக்காக் குடுக்கவேணும். ஒரு நாளும் விடக்கூடாது."

"அவ சாவாவா?"

"சாகமாட்டா. மருந்தை விடாட்டிச் சொகமாகிருவா."

அவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். ஏசுவாரோ என்று பயந்தேன். ஒரு சொல் ஏசவில்லை. "ஏன் முதல்ல சொல்லல்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில், அவளுடைய கலியாண வீடு, கூரையில்லாமல் முற்றத்தில் நின்றதே.

அன்று பின்னேரம் அவர் டிரக்டர் பெட்டியில் பாய் விரித்து, மனைவியையும் குழந்தையையும் ஏற்றித் தன்னுடைய உம்மாவின் வீட்டுக்குக் கொண்டுபோனார். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழியாமல் வாசல் தாண்டமாட்டாள். அதுவும் தாய்வீட்டை விட்டு மாமியார் வீட்டுக்குப் போவதென்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி. ஒழுங்கை முழுக்கப் படலையடியில் நின்று பார்த்தது. அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்குச் சத்தியம் செய்தார், நான் நம்புகிறேன். ஆனால் அவருடைய உம்மா ஏன் என்று கேட்காமல் இருப்பாரா? அந்த டிரக்டர் சத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அடுத்த கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிக் கலியாணப் பேச்சை நிறுத்தினார்கள். காரணம் சொல்லவில்லை. எல்லாருக்கும் காரணம் தெரியும்.

குழந்தைக்குத் தகப்பனே மாத்திரையை அரைத்துக் கொடுத்தார். நெல் மூட்டை தூக்கும் அந்தக் கையால் ஒரு சின்னக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் படும் பாட்டைப் பார்க்கச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். ஒருநாளும் விடவில்லை. பிள்ளை தப்பியது. ஊசியும் போட்டோம். சிலநேரம் நினைப்பேன், நஜீமா அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால், நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளையை மூளைக்காய்ச்சலில் கழுத்து விறைத்தபடி தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். கொலரா இல்லைதானே மிஸ் என்று ஆறுதலாகக் கேட்டும் இருப்பார்கள்.

கொலரா ஓய்ந்தது. கிளினிக்குகளைத் திறந்தோம். பின்பக்கப் பலகையை நான் கழற்றினேன். காசநோயாளர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். சிலர் மிகவும் பிந்தி வந்தார்கள், சிலர் வரவேயில்லை. அடுத்த வருடம் புதிய நோயாளர் தொகை ஏறியது. இம்முறை வந்த மேலதிகாரி கை கொடுக்கவில்லை, எங்கே பிழை விட்டீர்கள் என்று கேட்டார். கொலராவில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எல்லாருக்கும் தெரியும். கால் வெட்டப்பட்ட சீனிக்காரரை, இருமி இருமி வீட்டிலேயே போனவரை யார் அந்தக் கணக்கில் சேர்த்தது? நஜீமாவின் வீட்டில் கொலரா ஒருவரையும் தொடவில்லை. பி.எச்.ஐ. சேரின் பார்வையில் அது நல்ல வீடு. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

நஜீமா மருந்தைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி முடித்தாள். உம்மா கூட வரவில்லை, தனியாகத்தான் வருவாள். வராந்தாவில் அவள் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி இருப்பார்கள். அவள் அதைக் கவனிக்காத மாதிரி இருப்பாள். கடைசி மாத்திரையை வாங்கிய நாளில் சளியில் கிருமி இல்லை, நெஞ்சுப் படமும் துப்புரவு. உனக்கு முழுச் சுகம் என்று சொல்லிக் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுக்கவில்லை. போகப் புறப்பட்டவள் நின்று திரும்பினாள்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா?"

"கேள் மகள்."

"கொலரா வராம இருந்திருந்தா, நான் ஒருத்தருக்கும் தெரியாம சொகமாகியிருப்பன், என்ன?"

ஆறுதலாகச் சொல்ல எத்தனையோ வார்த்தை வாய்வரை வந்தது. அந்த வீட்டில் யாரும் சொல்லத் துணியாத உண்மையைத் தன் வாயால் சொன்ன பிள்ளை அவள்.

"ஓம் மகள்," என்றேன். "சொகமாகியிருப்பாய்."